இறக்கத்தில் வந்த வாசம்

ஊஊம்ம்ம்... ஊஊம்ம்ம்...

கேக்குதுங்களா அம்மிணி? வெளியில ஒண்ணுமே தெரியலையேன்னு கம்பியை இப்படி இறுக்கிப் பிடிக்காதீங்க, கை செவந்து போச்சு பாருங்க. கோத்தகிரிப் பனி அப்படித்தான். கண்ணை மூடிக்கிட்டு காதை மட்டும் குடுங்க. அந்தச் சத்தம் இருக்கிற வரைக்கும் நமக்கு ஒண்ணும் ஆகாது. பஸ் அழுகிறது என்று நினைத்துவிட்டீர்கள், அதுதானே? அழுகை இல்லைங்க அது. என்ஜின் பஸ்ஸைப் பின்னால் பிடித்து இழுத்துக்கொண்டே வருகிற சத்தம். டிரைவர் ரெண்டாவது கியரில் வருகிறார். சத்தம் நின்று பஸ் பூனை மாதிரி வழுக்கிக்கொண்டு போனால்தான் நாம் சாமியைக் கூப்பிட வேண்டும்.

"டிரைவரண்ணா! ரெண்டுலயே வாங்க! மாத்திராதீங்க!"

பாத்தீங்களா, தலையை ஆட்டுறார். நான் சொன்னால் கேட்பார். கண்டக்டர் எதற்குச் சிரிக்கிறான் என்று கேட்காதீர்கள், அவனுக்கு என்னைக் கண்டால் குஷி. "மாஸ்டர், பிரேக்கை நீங்க மிதிக்கறீங்களா, அண்ணன் மிதிக்கறாரா?" என்பான். நான் யாரையும் ஒன்றும் சொல்கிற ஆள் இல்லை அம்மிணி. இருக்கிற இடம் தெரியாமல் இருந்துவிட்டுப் போகிறவன். ஏதோ பெரிய மனுஷன் என்று ஒரு வார்த்தை சொல்வேன், அவ்வளவுதான்.

இந்தப் பூண்டுப் பை உங்களை இடிக்குதா? கொஞ்சம் தள்ளிக்கறேன். நாளைக்குக் காரமடையில் ஒரு வளைகாப்பு, அதுக்குத்தான் உரிச்சுக்கிட்டு வர்றேன். உட்கார்ந்த இடத்தில் சும்மா இருக்கக் கை விடாது எனக்கு.

என் பேர் சென்னியப்பன். சமையல் மாஸ்டர். மேட்டுப்பாளையம் சுற்றுவட்டாரத்தில் கல்யாணம் செய்த வீட்டில் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். ராத்திரிப் பிழைப்பு. ஊர் தூங்குகிறபோது முழித்திருந்து, ஊர் உட்கார்ந்து சாப்பிடுகிறபோது ஒரு மூட்டை மேல் தலை வைத்துத் தூங்குகிறவர்கள் நாங்கள். எத்தனையோ கல்யாணம் செய்து வைத்திருக்கிறேன், ஒரு தாலி ஏறுவதைக் கண்ணால் பார்த்ததில்லை. என் மகள் கல்யாணத்தில்கூட, தாரை வார்க்க மட்டும் மஞ்சள் கையோடு ஓடிப்போய் நின்றுவிட்டு, சாம்பார் தளதளவென்று கொதிக்கிறதே என்று திரும்பி ஓடி வந்துவிட்டேன். கெட்டிமேளச் சத்தம் கேட்டது. சரி, ஏறிவிட்டது என்று நினைத்துக்கொண்டு கொத்தமல்லித் தழையைத் தூவினேன். என்ன செய்வது, இன்னொருத்தனை நம்பி சாம்பாரை விட முடியுமா?

நான் சொல்ல வந்தது அது இல்லை. இந்தச் சத்தத்தைப் பற்றிச் சொல்ல வந்தேன். இந்தச் சத்தம் எனக்கு எப்படிப் பழக்கம் என்று கேட்டால், ஒரு கேரவனைச் சொல்ல வேண்டும்.

சினிமாக்காரர்கள் வைத்திருக்கிற பஸ் மாதிரி கேரவன் இல்லைங்க. இது பின்னால் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டு போகிற ரகம். தனக்கென்று என்ஜின் கிடையாது. சுற்றுலாவுக்கென்று ஒருத்தர் ஊட்டிப் பக்கம் செய்து வைத்தார், ஓடவில்லை, கொட்டகையில் கிடந்தது. வாங்கி வந்து உள்ளே இருந்த கட்டில், கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு மூன்று அடுப்பு, ஒரு கிரைண்டர், அண்டா நகராமல் இருக்க இரும்புச் சட்டம் எல்லாம் வைத்தேன். ஓடுகிற அடுப்படி. வெளிப் படத்தை மட்டும் அழிக்கவில்லை. பக்கவாட்டில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் கடற்கரையில் நின்று கையை ஆட்டுகிறது, அப்பா, அம்மா, ரெண்டு குழந்தைகள். கல்யாண வீடுகளில் "மாஸ்டர், சொந்தக்காரங்களா?" என்று கேட்பார்கள். ஆமாங்க, சம்பந்தி வீடு என்பேன்.

சம்பந்தி என்றதும் ஞாபகம் வருகிறது. என் மகள் தாரணி சென்னையில் வேலை பார்த்த இடத்தில் ஒருத்தரைப் பிடித்துப்போய், ரெண்டு வீடும் பேசி, நல்லபடியாகவே முடித்தோம். மாப்பிள்ளை பேர் கிருபாகரன். தங்கமான பிள்ளை. பிறந்ததிலிருந்து மெட்ராஸ். அங்கே மேடு என்று ஒன்று இருந்தால் அது மேம்பாலம்தான்.

கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்து. என் வீட்டில், என் கையால். பருப்புப் பாயசம் வைத்திருந்தேன். இலையில் ஊற்றினேன். மாப்பிள்ளை ஒரு வாய் எடுத்து வைத்தார். "சூப்பர் மாமா" என்றார். அதோடு விட்டிருக்கலாம். "இனிப்பு மட்டும் ஒரு துளி கம்மியோ?" என்று கேட்டுவிட்டார்.

அம்மிணி, நான் திட்டவில்லை. எல்லாரும் திட்டினேன், திட்டினேன் என்கிறார்கள். "இலையை விட்டு எந்திரிங்க மாப்ளே, எந்திரிச்சு வந்து நீங்களே கிண்டுங்க" என்றேன். 'ங்க' போட்டுத்தானே சொன்னேன்? குரல் கொஞ்சம் பெரிசு, அது என் குற்றமா? மண்டபத்தின் அந்தக் கோடியில் இருக்கிறவனை உப்பு எடுத்துவரச் சொல்லிப் பழகின தொண்டை. ஆனால் பாருங்கள், அவர் நிஜமாகவே எழுந்துவிட்டார். பாதி இலையில். அவங்க அம்மா அப்பா, சித்தப்பா எல்லாரும் இலையில் கை வைத்தபடி என்னைப் பார்க்கிறார்கள்.

தாரணி அன்றைக்குச் சாயந்திரமே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஆடிக்கு வரவில்லை. தலைதீபாவளிக்கும் வரவில்லை. எடுத்து வைத்த வேட்டி அட்டைப்பெட்டியிலேயே கிடந்தது. என் வீட்டுக்காரி பேசுவதையே விட்டுவிட்டாள். சோறு போடுவாள், தட்டை வைக்கிற சத்தத்திலேயே எல்லாம் தெரிந்துவிடும்.

தை மாசம் ஒரு நாள் தாரணியிடமிருந்து போன். "அப்பா, வர்றோம். ஆனா ஒண்ணு. அவரைப் பத்தி ஒரே ஒரு குத்தம் உங்க வாயில வந்துச்சு, அதோட சரி. அப்புறம் நான் உங்க படி ஏற மாட்டேன்."

"சென்னிமலை முருகன் மேல சத்தியம் கண்ணு. வாயே தொறக்க மாட்டேன்" என்றேன்.

இதே மாதிரி அங்கே அவருக்கும் ஒரு உத்தரவு போட்டிருக்கிறாள் என்பது எனக்கு அப்போது தெரியாது. மாமா சமையலைப் பற்றி நல்லதோ கெட்டதோ ஒரு வார்த்தை கூடாது. அவள் அப்படித்தான், யாரையாவது அடக்கிக்கொண்டே இருக்க வேண்டும் அவளுக்கு. யார் மாதிரி என்று தெரியவில்லை.

அந்தச் சமயம் பார்த்து கோத்தகிரியில் ஒரு கல்யாணம். முகூர்த்தமும் காலை டிபனும் மேலே, மத்தியான விருந்து கீழே மேட்டுப்பாளையத்தில். கேரவன் இழுக்கிற எங்கள் டிரைவர் ரங்கனுக்கு மஞ்சள் காமாலை. தாரணிதான் சொன்னாள், "அவரு புது வண்டி இருக்குதுல்லப்பா, பெரிசு, ஆட்டோமேட்டிக். கொக்கி மாட்டிட்டா இழுத்துடும். அவரே ஓட்டுவாரு." ரெண்டு பேரையும் ஒரே வண்டியில் உட்கார வைத்தால் சரியாகிவிடும் என்று அவள் கணக்கு.

ஏறும்போது ஒரு குறையும் இல்லை. வண்டி தானாகவே கியரைக் குறைக்கிறது, தானாகவே கூட்டுகிறது. மாப்பிள்ளை ஒற்றைக் கையில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "பாத்தீங்களா மாமா, நாம ஒண்ணுமே பண்ண வேணாம், எல்லாம் வண்டியே பாத்துக்கும்" என்றார். "ஆமாங்க மாப்ளே, அருமைங்க மாப்ளே" என்றேன். பின் சீட்டில் தாரணி சிரித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை டிபன் பந்தி முடிந்தது. என் ஆட்களை வேனில் முன்னால் அனுப்பிவிட்டேன், கீழே போய் உலை வைக்கட்டும் என்று. கேரவனில் சாம்பார் ஒரு அண்டா, பாயசம் ஒரு அண்டா, குருமா. மூடிக்குத் துணி கட்டி, சட்டத்தில் கயிறு போட்டு இறுக்கினேன். பாயசம் ஆறிவிடக் கூடாது என்று அண்டாவுக்கு அடியில் ஒரு தட்டில் கொஞ்சம் கங்கு. எப்போதும் வைக்கிறதுதான். நீங்க ஏன் அப்படிப் பாக்குறீங்க? ஒண்ணும் ஆகாதுங்க.

தாரணி ராத்திரி முழுக்க எங்களோடு காய் நறுக்கி, காலையில் பந்தி பார்த்து, அசந்துபோயிருந்தாள். பின் சீட்டில் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்தவள்தான். மாப்பிள்ளை ஓட்டுகிறார். நான் பக்கத்தில். கிளம்பினோம்.

கோத்தகிரியை விட்டுக் கொஞ்ச தூரம் வந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. முதுகில் யாரோ கையை வைத்து மெதுவாகத் தள்ளுகிற மாதிரி. கேரவன் தள்ளுகிறது. மாப்பிள்ளை கியர் லிவரை 'டி'யில், வண்டியே கியர் பார்த்துக்கொள்கிற இடத்தில், போட்டபடி விட்டுவிட்டார். வண்டிக்கு இறக்கம் என்று தெரியுமா, சுமை இல்லை, சுகமாக ஓடலாம் என்று மேல் கியருக்குப் போய் வழுக்குகிறது. இவர் காலைப் பிரேக்கிலிருந்து எடுக்கவே இல்லை. அழுத்தியும் அழுத்தாமலும், வைத்தது வைத்தபடி. கண்ணாடியில் பார்க்கிறேன், கேரவனின் வெள்ளைத் தகரத்தில் எங்கள் சிவப்பு விளக்கு விடாமல் எரிகிறது. ஒரு தடவையாவது அணைய வேண்டுமே!

என் வலது கால் தானாகப் போய்க் கீழே கிடந்த கால்மிதியை அழுத்துகிறது. வாய் திறக்க முடியாது. முருகன் மேல் சத்தியம்.

சரி, குற்றம் சொல்லத்தானே கூடாது, பொதுவாகப் பேசலாம் என்று முன்னால் போன பஸ்ஸைக் காட்டினேன். "அந்தப் பஸ்ஸைப் பாருங்க மாப்ளே. எப்படிச் சத்தம் போட்டுக்கிட்டு நிதானமாப் போகுது."

"ஆமா மாமா. பழைய வண்டி போல, பாவம்."

"எங்க ரங்கன் இருக்கறானே, அவன் இறக்கம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே நிறுத்தி, கியரைக் குறைச்சுக்குவானுங்க. எந்த கியர்ல ஏறினமோ அதுலயேதான் இறங்குவான். அப்படி ஒரு கிறுக்கு."

"அவருக்கு இப்ப உடம்பு எப்படி இருக்கு மாமா?"

"கீழாநெல்லி அரைச்சுக் குடுக்கறாங்க."

"மோர்ல கலந்தா?"

"மோர்லதாங்க."

அதோடு பேச்சு காமாலைக்குப் போய்விட்டது. ரோடு வளைந்து வளைந்து இறங்குகிறது.

அப்போதுதான் வாசம் வந்தது.

முதலில் லேசாக. நெய்யில் முந்திரி ஒரு கண் சிமிட்டல் கூடிப்போனால் வருமே, அந்த மாதிரி. அப்புறம் அதில் இரும்பு சேர்ந்தது, ரப்பர் மாதிரி ஏதோ சேர்ந்தது. என் மூக்கு எப்படிப்பட்டது தெரியுமா அம்மிணி? பால் அடிப்பிடித்தால் ஒரு வாசம், பருப்பு அடிப்பிடித்தால் வேறு. அரிசியிலேயே பச்சரிசிக்கு ஒன்று, புழுங்கலுக்கு ஒன்று. மண்டப வாசலில் நின்றே உள்ளே எந்த அடுப்பு என்று சொல்வேன். இது என் சரக்கு இல்லை. இது மாப்பிள்ளை சரக்கு. பிரேக் தீய்கிறது.

எப்படிச் சொல்வது? "உங்க பிரேக் தீயுது" என்றால் அது குற்றமா இல்லையா? நீங்களே சொல்லுங்கள். ஓட்டுகிறது அவர், தீய்கிறது அவர் பிரேக், அப்படியென்றால் குற்றம்தானே. மகள் படி ஏற மாட்டாள். வீட்டுக்காரியின் தட்டுச் சத்தம் காதில் கேட்கிறது.

மாப்பிள்ளையும் மூக்கை உறிஞ்சினார். என்னை ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்த்தார். சட்டென்று ரோட்டைப் பார்த்துக்கொண்டார். 

"மாமா, கண்ணாடியை இறக்கட்டுமா? காத்து நல்லா இருக்கும்."

"இறக்குங்க மாப்ளே. மலைக்காத்து உடம்புக்கு நல்லதுங்க."

இறக்கினார். வாசம் ரெண்டு மடங்காக உள்ளே வந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பக்கத்துல தேயிலை ஃபேக்டரி இருக்கு போல, மாமா."

"ஆமாங்க மாப்ளே. வறுக்கறாங்க."

ஒரு ஃபேக்டரியும் இல்லை. அந்த வளைவில் நாலு சில்வர் ஓக் மரமும் ஒரு குரங்கும்தான் இருந்தன. குரங்குகூட எங்களைப் பார்த்து மூக்கைத் தடவியது.

ஒரு வளைவு தாண்டியிருப்போம். மாப்பிள்ளை முகம் மாறிவிட்டது. பார்த்தேன், பிரேக்கில் அவர் கால் தரை வரைக்கும் போகிறது. எடுத்து எடுத்து மிதிக்கிறார், சுண்டைக்காய் நசுக்குகிற மாதிரி. வண்டி கேட்கிற மாதிரி தெரியவில்லை. கேரவன் பின்னால் ஆட ஆரம்பித்துவிட்டது. இந்தப் பக்கக் கண்ணாடியில் வெள்ளைக்காரக் குடும்பம் எட்டிப் பார்த்துக் கையை ஆட்டுகிறது, மறைகிறது, மறுபடி எட்டிப் பார்த்துக் கையை ஆட்டுகிறது. போய் வருகிறோம் என்கிறார்களா, போய் வாருங்கள் என்கிறார்களா, தெரியவில்லை.

அந்த நிலைமையிலும் மாப்பிள்ளை சொல்கிறார், "மாமா, பெல்ட் போட்டிருக்கீங்கல்ல?"

"போட்டிருக்கேனுங்க மாப்ளே. நீங்க நல்லா ஓட்டறீங்க."

ஆட்டத்தில் தாரணி சீட்டிலிருந்து உருண்டு எழுந்தாள். துண்டை எடுத்தாள். ஒரு மூச்சு இழுத்தாள்.

"அய்யோ, பிரேக் தீயுது! ரெண்டு பேருக்கும் மூக்கு எங்க போச்சு?"

"பிரேக்கா? பாயசம் இல்லையா?" என்றார் மாப்பிள்ளை.

"பாயசமா?" என்றேன் நான். என் குரலில் கண்ணாடி அதிர்ந்தது. "என் பாயசமா?"

"வாயை மூடுங்க ரெண்டு பேரும்!" ரெண்டு சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டிவிட்டாள். ரங்கன் பக்கத்தில் உட்கார்ந்து இந்த மலையை ஏறி இறங்கிப் பழகினவள் அவள். அதுவரைக்கும் என் எதிரில் அவரை 'ஏங்க' என்றுதான் கூப்பிடுவாள். "கிருபா, மிதிச்சது போதும், காலை எடு. எடுத்துரு. லிவரை டி-லருந்து பக்கவாட்டுல தள்ளு. ம். இப்ப மைனஸ் பக்கம் ஒரு தட்டு, கியர் குறையும். என்ஜின் கத்தும், கத்தட்டும், நீ பயப்படாத."

காலை எடுத்தால் இன்னும் ஓடாதா என்று நான் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். மாப்பிள்ளை தட்டினார். ஊஊம்ம்ம் என்று ஒரு சத்தம் போட்டது பாருங்கள் வண்டி! வெடித்துவிட்டது என்றே நினைத்தேன்.

"இன்னொரு தட்டு. ஸ்டியரிங்கை ஒடிக்காத, நேராப் பிடி, ஆட்டம் தானா அடங்கும். இன்னொண்ணு தட்டு."

ஊஊம்ம்ம்ம். முதுகில் இருந்த கையை யாரோ பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. உடம்பு முன்னால் சாய்ந்தது. வெள்ளைக்காரக் குடும்பம் கண்ணாடிக்குப் பின்னால் போய் ஒடுங்கிவிட்டது.

"இப்ப மிதி. ஒரே மிதி, அழுத்தமா. விடு. முழுசா விடு. பிரேக்கும் மூச்சு விடணும்ல. எந்நேரமும் காலை வச்சு அழுத்திக்கிட்டே இருந்தா அது சூடாகி, அப்புறம் நெஜமா வேணுங்கறப்பப் பிடிக்காது. வேணுங்கற இடத்துல ஒரு அழுத்து, அப்புறம் விட்டுரணும். ஏறும்போது வண்டிக்கே தெரியும், இறங்கும்போது நாமதான் சொல்லிக் குடுக்கணும்."

அதை எல்லாம் அவரைப் பார்த்துத்தான் சொன்னாள். நடுவில் என்னை எதற்கு ஒரு பார்வை பார்த்தாள் என்று இன்றுவரை விளங்கவில்லை.

லாரிகள் ஒதுங்குவதற்கு அகலமாக விட்ட ஒரு இடத்தில் ஊர்ந்துபோய் நின்றோம். "ஹேண்ட் பிரேக் வேண்டாம், சூட்டுல ஒட்டிக்கும். லிவரைப் பார்க்கிங்குக்கு, பி-ல போடு. அப்பா, கேரவன் சக்கரத்துக்குக் கல்லு வைங்க!" என்றாள். கல்லுக்கு எங்கே போவேன்? உள்ளே ஓடி கிரைண்டர் குழவியைத் தூக்கி வந்து சக்கரத்துக்கு முன்னால் உருட்டி வைத்தேன். வண்டியின் முன் சக்கரங்கள் ரெண்டிலிருந்தும் புகை. ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"ஊத்தாதீங்க! காஞ்ச தோசைக்கல்லுல ஒரு குடம் தண்ணிய ஊத்துனா என்ன ஆகும்?"

"விரிசல் விடும்."

"அப்ப வைங்க கீழ. தானா ஆறட்டும்."

ஆறுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று யாருக்குத் தெரியும். கீழே பந்திக்கு ஆள் சேர்ந்துகொண்டிருக்கும். மூன்று பேரும் ரோட்டோரம் நின்றோம். எனக்கு அந்த ஒரு சொல் மட்டும் உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது.

"மாப்ளே, ஒண்ணு கேக்கறேன். அந்த வாசத்தை என் பாயசம்னா நெனச்சீங்க?"

"ஆமா மாமா. கங்கு வச்சீங்கல்ல, அடிப்பிடிச்சிருச்சுன்னு..."

"என் பாயசம்! அடிப்பிடிக்கும்! பொறந்ததுலருந்து ஒரு தடவை பிடிச்சதில்லை! பிரேக் நாத்தத்துக்கும் பாயசத்துக்கும் வித்தியாசம் தெரியாத மூக்கை வச்சுக்கிட்டு அன்னைக்கு இனிப்புக் கம்மின்னு சொன்னீங்களே!"

மலையில் பட்டுத் திரும்பி வந்தது என் குரல். சத்தியம் போச்சு, எல்லாம் போச்சு. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்பார் என்று பார்த்தால், மாப்பிள்ளை ஒரு அடி முன்னால் வந்தார்.

"அப்ப பிரேக்குன்னு உங்களுக்கு முதல்லயே தெரியும்?"

"தெரியும்!"

"தெரிஞ்சும் சொல்லலையா? தேயிலை வறுக்கறாங்கன்னீங்க! மூணு பேரும் செத்திருப்போம் மாமா! 'நல்லா ஓட்டறீங்க'ன்னு வேற சொன்னீங்க!"

"நீங்க மட்டும்? பாயசம்னு நெனச்சீங்கல்ல, வாயைத் தொறந்து சொல்றதுக்கென்ன? கல்யாண விருந்து தீஞ்சாலும் பரவாயில்லையா?"

"சொன்னா இலையை விட்டு எழுந்திருன்னுவீங்க!"

"எந்திரின்னா எந்திரிச்சுருவீங்களா? உக்காந்து திருப்பிக் கேக்கறதுக்கென்ன?"

"இப்பக் கேக்கறேன்ல!"

"கேளுங்க!"

மேலே ஏறி வந்த ஒரு பஸ் வேகம் குறைத்து, ஜன்னல் முழுக்கத் தலைகளாக எங்களைப் பார்த்துக்கொண்டே போனது. தாரணியைக் காணோம் என்று திரும்பினால், கேரவன் படியில் உட்கார்ந்து துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறாள். அழுகிறாளோ என்று ஓடினேன். சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வர வர சிரிப்பு. அவள் சிரிக்க, அவர் சிரிக்க, எனக்கும் வந்துவிட்டது, என்ன செய்ய.

அப்புறம் நான் போய் அண்டா மூடியைத் திறந்தேன். "வாங்க மாப்ளே. வந்து மோந்து பாருங்க, எங்க அடிப்பிடிச்சிருக்குன்னு." ஒரு டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். ஊதி ஊதிக் குடித்தார். எனக்கு நேராக நிமிர்ந்து பார்த்தார்.

"அடிப்பிடிக்கலை மாமா. அருமையா இருக்கு." நிறுத்தினார். "இனிப்பு மட்டும் ஒரு துளி கம்மி."

தாரணி சிரிப்பை நிறுத்திவிட்டாள். 

நான் போய் வெல்லத்தைத் தட்டி ரெண்டு கை அள்ளிப் போட்டுக் கிண்டினேன். அவர் சொன்னார் என்பதற்காக இல்லைங்க. மேலே குளிரில் நாக்கு மரத்துப்போகும், அங்கே ருசி பார்த்துப் போட்டது கீழே சூட்டுக்குப் பத்தாது. அது என் தொழில் கணக்கு. அவருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அன்றைக்குக் கீழே பந்தியில் பாயசத்தை மூன்றாவது தரம் கேட்டு வாங்கினார்கள். பொதுவாக என் பாயசத்தை அப்படிக் கேட்பார்கள்தான், அன்றைக்குக் கொஞ்சம் கூடுதல்.

பிரேக் தொட்டால் சுடாத அளவுக்கு ஆறினதும் தாரணி ஸ்டியரிங்கைப் பிடித்தாள். மாப்பிள்ளை பக்கத்தில். என்னைப் பின்னால் உட்கார வைத்துவிட்டார்கள், சாய்ந்து தூங்கட்டும் என்று. ஊஊம்ம்ம் என்று சத்தம் போட்டுக்கொண்டே இறங்கினோம். முதல் பந்திக்கு இலை போட்டுத் தண்ணீர் தெளிக்கிறார்கள், நாங்கள் உள்ளே நுழைகிறோம்.

இந்தத் தீபாவளிக்கு ரெண்டு பேரும் வந்தார்கள். வீட்டுக்காரியும் பேசுகிறாள். இப்போது மலை ஆர்டர் என்றால் லீவு போட்டுவிட்டு அவர்களே வண்டியைக் கொண்டு வந்துவிடுகிறார்கள். நான் மட்டும் இந்தப் பஸ்ஸில். ஏன் என்று கேட்கிறீர்களா? மகள்தான் சொன்னாள். "அப்பா, உங்களுக்கு அந்த ஏசி ஒத்துக்காது. ராஜா மாதிரி பஸ்ஸுல ஜன்னலோரமா வாங்க." ஏசி என்னை ஒன்றும் செய்தது கிடையாது, ஆனால் அவளுக்கு அவ்வளவு அக்கறை. கை சும்மா இருக்கக் கூடாது என்று பூண்டுப் பையையும் கொடுத்துவிடுவாள். மாப்பிள்ளை டிக்கெட் எடுத்துக் கையில் கொடுத்து, பஸ் கிளம்பி வளைவு திரும்புகிற வரைக்கும் நின்று பார்ப்பார். நான் இறங்கிவிடுவேனோ என்று பார்க்கிற மாதிரி அப்படி ஒரு பார்வை. என்ன மரியாதை பாருங்க!

ஒரு தடவை நானும் அவர்கள் வண்டியில் முன் சீட்டில் உட்கார்ந்து போனேன்தான், அந்தக் கல்யாணத்துக்கு அப்புறம். நான் ஒன்றும் பேசவில்லை. இங்கே தட்டுங்க, இங்கே மிதிங்க, விடுங்க, இப்ப மிதிங்க என்று ஏதோ துணைக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். அதற்கு அடுத்த தடவையிலிருந்து பஸ்.

அட, பனி விலகுது. பாத்தீங்களா, கீழே பவானி ஆத்துப் பக்கம் பச்சையாத் தெரியுது. பயம் போச்சுதா? சிரிக்கிறீங்க, நல்லது.

இருங்க. கேக்குதா? நம்ம பஸ் சத்தம் இல்லை. மேலே. இன்னொண்ணு.

ஊஊம்ம்ம்...

அதோ, அந்த மேல் வளைவில், மரத்துக்கு நடுவில், வெள்ளையாகத் தெரிகிறதே. கையை ஆட்டுகிறார்களே, அதுதான் எங்கள் கேரவன். இந்த இடத்தில்தான் இறக்கம் செங்குத்து. மாப்பிள்ளை ஓட்டுகிறாரா, அவள் ஓட்டுகிறாளா, தெரியலையே. கொஞ்சம் எந்திரிச்சுக்கறேன், ஜன்னலைத் தள்ளுங்க அம்மிணி, இங்கிருந்து ஒரு குரல் குடுத்தாக் கேட்கும். மாப்ளே...

...இல்லை. வேண்டாம்.

சத்தம் நிக்கலை பாருங்க. விட்டு விட்டுத்தான் மிதிக்கிறாங்க. போகட்டும்.

அந்தப் பூண்டுப் பல்லு உங்க கால்கிட்ட உருண்டிருச்சு. எடுத்துக் குடுங்க. இப்படி அடியில நகத்தை வச்சு ஒரு கீறு கீறினாப் போதும், தோல் தானா வந்துரும்.